எதிரெதிராய் இரண்டு வூஃபர்

14.10.2006, சனி. திருமுல்கேரி.

அக்காவின் கணவர், அத்தான் தயவில்தான் இந்த வீட்டில் இருக்கிறேன். இன்று அவர் தப்பை அவர் எதிரிலேயே காட்டிவிட்டேன்.

பெட்டி இல்லாமல், வெறும் பலகையில் பதினைந்து இஞ்ச் வூஃபர் மாட்டி இரண்டு ஸ்பீக்கர் செய்திருந்தார். வூஃபர் தரவேண்டிய கனத்த ஒலி, அந்த பேஸ், வரவேயில்லை. பலகையில்தான் கோளாறு என்று அறுக்க ரம்பத்தை எடுத்துவிட்டார். ஒரு மாத உழைப்பு. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அத்தான், ஒண்ணுல ஒயர் மாறியிருக்கு."

"கேட்டுக்க, உன் தங்கச்சி பெரிய பி.ஈ. இன்ஜினியர்லா!" என்றார் அக்காவிடம்.

"ஏட்டி, பேசாம இரு," என்றாள் அக்கா.

ஹால் கடிகாரத்தின் பாட்டரியைக் கழற்றி, இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களிலும் ஒரே மாதிரி வைத்துக் காட்டினேன். ஒரு வூஃபர் முன்னால் வந்தது. மற்றது உள்ளே போனது. ஒன்று தள்ளுவதை இன்னொன்று இழுத்தால் பேஸ் எப்படி நிற்கும்?

அவர் ஒயரை மாற்றினார். பாட்டில் தவில் விழுந்ததும் அலமாரி டம்ளர்கள் அதிர்ந்தன. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சாப்பிடவும் வரவில்லை.

இப்போது இருட்டு ஹாலிலிருந்து அக்காவிடம் கேட்கிறார், "மணி என்னடி ஆச்சு?"

அக்கா என் பக்கம் திரும்புகிறாள். பாட்டரி இன்னும் என் கையில்தான் இருக்கிறது.