ஈரச் சுவர், பத்தொன்பதாம் நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நீங்களும் தங்கச்சியும் நலமென்று அவளே போனில் சொல்லிவிட்டாள், அதனால் அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். நேரில் சொன்னால் நான் முகத்தைப் பார்த்து மார்க் போட்டுவிடுவேன், அதனால் விமர்சனம் கடிதத்தில்தான் என்று உங்கள் கல்யாண வருஷம் நீங்கள் போட்ட சட்டப்படி, கச்சேரி முடிந்ததும் உங்கள் கண்ணில் படாமல் பஸ் ஏறிவிட்டேன்.

முதல் பாதி சுமார். டிரம்மர் முதல் பாட்டிலேயே அவசரப்பட்டார், யாரோ பின்னால் துரத்துவது போல. கிடார் வாசிக்கிற நெட்டை தனியாக ஒன்பது நிமிடம் வாசித்தார். ஆறில் நிறுத்தியிருந்தால் கும்பிட்டிருப்பேன். என் பக்கத்தில் நின்றவர் கச்சேரி முழுக்கச் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அவருடைய அக்குளுக்கும் மார்க் உண்டென்றால் பூஜ்யம்.

இரண்டாம் பாதியில் ‘ஈரச் சுவர்’. ரெக்கார்டில் நாலு நிமிடப் பாட்டு, அன்றைக்கு முப்பத்தோரு நிமிடம் ஓடியது. அடுத்து எங்கே போகப்போகிறோம் என்று உங்கள் மூன்று பேருக்குமே தெரியாமல் நீங்கள் வாசிப்பதைக் கேட்கத்தானே பதினாறு வருஷமாக வருகிறேன். பத்தொன்பதாம் நிமிடத்தில் கீபோர்டில் உங்கள் இடது கை நின்றது. பேஸ் கிடார் இல்லாத பேண்டில் கீழ் ஸ்வரம் அத்தனையும் அந்தக் கைதான். அது போனதும் வலது கை மட்டும் ஒற்றையாய் நடந்தது. டிரம்மர் குச்சியைத் தூக்கியபடி உங்களையே பார்த்தார். நாலு நிமிடம் ஹாலில் ஒருத்தர் இருமவில்லை. கையில் இருப்பதை வேண்டாமென்று வைக்கிற தைரியம் எல்லோருக்கும் வராது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்துக்கு எட்டரை. இதுவரை யாருக்கும் நான் இவ்வளவு போட்டதில்லை. ரசிகர்கள் அச்சடித்து வாசலில் கொடுக்கும் ஒற்றைத்தாளுக்கும் இதையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் லிஃப்டுக்கார மச்சான்


மார்ச் 21

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் ஒற்றைத்தாள் நாங்கள் போகிற ஊருக்கெல்லாம் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் ‘ஈரச் சுவர்’ பதினெட்டாம் நிமிடத்தைத் தொட்டதும் ஜனங்கள் வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நெட்டை என் காதுக்குப் பக்கத்தில் வந்து, “நிறுத்துய்யா, எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க” என்றார். நிறுத்தினேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மச்சான், அன்றைக்கு நான் நிறுத்தவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டன. வலி கிடையாது. விரி என்றால் விரியவில்லை, அவ்வளவுதான். அந்த நாலு நிமிடமும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அதற்குப் பிறகு ஐந்து தடவை வந்துவிட்டது. வாசிக்க முடியாமல் போனதற்குக் கைதட்டல் வாங்குகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

உங்கள் தங்கச்சிக்குத் தெரியாது. சட்டைப் பொத்தான் போடுகிறேன், வெங்காயம் நறுக்குகிறேன்; கீபோர்டில் வைத்தால் மட்டும்தான் இந்த வம்பு. வேறு யாரிடம் கேட்பேன்? நெட்டையைக் கேட்டால் “சூப்பர்” என்பார். காப்பி ஆறிப்போயிருந்தாலும் அதையேதான் சொல்வார். ஏப்ரல் ஆறாம் தேதி மதியக் கச்சேரிக்கு வாருங்கள். என் இடது கையை மட்டும் கேளுங்கள். உங்கள் வேலையில் லிஃப்டைச் சோதித்து எழுதுகிற மாதிரி எழுதுங்கள்: ஓட்டலாமா, கூடாதா. இதை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது என்பதை எழுதும்போது மறந்துவிடுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் என்னை மன்னியுங்கள். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டைப் பார்த்து ‘என்ன நிதானம்!’ என்று பாராட்டி, அதை அச்சடித்து வேறு கொடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் தேதி தூணோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் பதினான்கு இடங்களில் உங்கள் இடது கை இல்லை. மூன்று இடங்களில் தப்பு ஸ்வரம். ‘ஈரச் சுவர்’ இடைவெளியை நான் சேர்க்கவில்லை. அது இப்போது நடிப்பு. விரல் சுருளாத நேரத்திலும் கை பயந்து பயந்துதான் வாசிக்கிறது. வேகமான இடங்களையெல்லாம் வலது கைக்குத் தள்ளிவிடுகிறீர்கள். டிரம்மர் அவசரப்படுவது உங்களை மூடி மறைக்கத்தான். அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

கூடாது, மாப்பிள்ளை. நிறுத்திவிடுங்கள். டாக்டரைப் பாருங்கள், பேண்டில் சொல்லுங்கள். இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்தேன். முதல் தாளில் ஆறு மார்க் போட்டுப் பார்த்தேன், பொய் என்று எனக்கே தெரிந்தது. தங்கச்சியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் ஓட்டைவாய், ஒரு வாரத்துக்கு மேல் தாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
மச்சான்


ஜூன் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. “அவர் யார்கூடவும் பேசறதில்லண்ணா, உன் லெட்டரயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்” என்றாள் தங்கச்சி. டாக்டர் சொன்னதையும் சொன்னாள்: சாப்பிடலாம், எழுதலாம், வாசிக்க மட்டும் முடியாது. கோபமென்றால் நாலு வரி திட்டியாவது போடுங்கள். நான் அப்படி எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் மேடையில் இருந்திருப்பீர்களே என்று தினமும் நினைக்கிறேன்.

நேற்று கச்சேரிக்குப் போனேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை. உங்கள் இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண். முதல் பாட்டு முழுக்க அவள் மேல் எனக்கு எரிச்சல். பாவம், அவள் என்ன செய்தாள்? எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். உங்களுக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. அவள் இடது கை நன்றாக இருக்கிறது. இந்த வருஷம் நான் கேட்ட உங்கள் கையைவிட நன்றாக இருக்கிறது. ‘ஈரச் சுவர்’ எங்கேயும் நிற்கவில்லை. டிரம்மர் அவசரப்படவில்லை. மார்க் போட மட்டும் மனசு வரவில்லை.

இதற்கும் பதில் வராவிட்டால் இனி எழுதி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

இப்படிக்கு,
மச்சான்


ஜூன் 10

அன்புள்ள மச்சானுக்கு,

கோபம்தான். ஒரு மாதம் உங்கள் மேல், ஒரு மாதம் கை மேல். திட்டினால் கைக்கு உறைக்கவா போகிறது?

ஒன்றாம் தேதி நானும் அங்கே இருந்தேன். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, சவுண்ட் மேசைக்குப் பின்னால். நீங்கள் பத்தடி முன்னால் நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் கூப்பிடவில்லை. அந்தப் பெண் சொதப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவன், எந்த முகத்தோடு கூப்பிடுவது? அடுத்த தடவை தொப்பி இல்லாமல் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறேன்.

பதினாறு வருஷம் டிரம்முக்கு ஒட்டி உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். எனக்குக் கேட்டதெல்லாம் டிரம்மும் என் கையும்தான். மற்றதெல்லாம் நீங்கள் எழுதி நான் படித்தது. மச்சான் பாசத்தில் கூட்டிச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். நெட்டை ஒரே ஸ்வரத்தைப் பிடித்து இழுக்கும்போது கூட்டமே அந்தப் பக்கம் சாய்கிறது. மேடையிலிருந்து அது தெரியாது. ஒட்டி உட்கார்ந்தால் இடியாய்க் கேட்கிற டிரம், தள்ளி நின்றால் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அழகாகக் கேட்கும் என்பதும் தெரியாது. ‘ஈரச் சுவர்’ பாதி தாண்டியபோது அழுதுவிட்டேன். நான் போட்ட மெட்டு, மச்சான்.

பக்கத்தில் நின்றவர் கைக்குட்டையை நீட்டினார். “என்ன சார், இவங்கள இப்பத்தான் மொத தடவ கேக்கறீங்களா?”

“ஆமா” என்றேன். “மொத தடவ.”

அன்புடன்,
மாப்பிள்ளை