மௌன ஜெபத்தில் ஓர் இரைச்சல்

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து கீழே சாப்பாட்டுக் கூடத்தில் சூப்பை இரண்டு வாய்தான் குடித்திருப்பேன். கிட்டார் வாசிக்கும் பாட்டுக்குழுத் தலைவர் சொங்மோ அடுத்த மேசையிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறார்: "பியோ சிஸ்டர், மௌன ஜெபத்துல உங்க பாஸ் கிட்டார் பழைய பிரிட்ஜ் மாதிரி உறுமுதே. கர்த்தர் என்ன, ஐஸ் தண்ணியா கேட்டாரு?"

கூடமே சிரித்தது. என் கணவர் தேஷிக்கும் சிரித்தார். வாயில் கிம்ச்சி ஊறுகாயோடு.

பதினோரு வருடமாக அதே பாஸ், அதே மேடை. என்றைக்காவது உறுமியிருக்கிறதா? போன மாதம் என் முதுகுக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஒரு மின்திரை வைத்தார்களே, அதற்குப் பிறகுதான் இது. ஆனால் அதை யார் சொல்வது? திரையைக் காணிக்கையாகக் கொடுத்தவர் குக் என்ற சபை மூப்பர். சொங்மோவின் அப்பா.

மார்ச் 13, புதன்

ஒத்திகைக்கு முன்பே போய்த் திரையை அணைக்கச் சொல்லிப் பார்த்தேன். இரைச்சல் இல்லை. போடச் சொன்னேன். ம்ம்ம்ம் என்று வந்துவிட்டது. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்தானே. திரை கக்கும் மின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கிறது. என் பாஸில் உள்ள இரண்டு பிக்கப்பின் சத்தத்தையும் முழுக்கத் திறந்தால் இரைச்சல் அடங்குகிறது. ஆனால் என் பாஸின் அடிவயிற்றுச் சத்தமும் அதோடு போய்விடுகிறது.

சொங்மோவிடம் சொன்னேன்.

"அப்பா குடுத்த திரையையா குறை சொல்றீங்க?"

"குறை சொல்லல பிரதர். காரணம் சொல்றேன்."

"திரையை மாத்த முடியாது சிஸ்டர். ஈஸ்டருக்குள்ள உங்க பாஸைச் சரி பண்ணுங்க. இல்லன்னா பரவாயில்ல, கீபோர்டுலயே இடது கையால பாஸ் வாசிச்சுக்கலாம்."

பரவாயில்லையாம். நான் இல்லாவிட்டால் பரவாயில்லையாம்!

மார்ச் 17, ஞாயிறு

பக்கவாட்டில் திரும்பி நின்றால் இரைச்சல் வெகுவாகக் குறைகிறது என்று கண்டுபிடித்தேன். ஆராதனை முழுக்கச் சபைக்குத் தோளைக் காட்டிக்கொண்டு நின்றேன். வாசலில் ஒரு அம்மா கேட்டார்: "ஏம்மா, யார் மேலயாவது கோபமா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் இன்று எச்சில் உறிஞ்சும் மெஷின் போட்ட சத்தம் அப்படியே சொங்மோவின் குரல். நாள் முழுக்க அவரைக் கேட்டுக்கொண்டே ஊரார் பல்லைச் சுத்தம் செய்தேன்.

மார்ச் 23, சனி

பிக்கப்பை மாற்ற ஜொன்ஜு நகரத்தில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனோம். பாஸ் பையைத் தேஷிக் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. "என்ன ஸ்டைல் வாசிப்பீங்க சார்?"

"நான் சும்மா பை தூக்க வந்தவன்ங்க" என்றார் தேஷிக். "அது ஜெபத்துல உறுமுதாம். அதனால வீட்டுல இவ உறுமுறா."

கடைக்காரர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பொம்பளைங்க கைக்கு மெல்லிசா சத்தம் வர்ற மாதிரி ஒண்ணு போட்டுடலாம்" என்றார்.

மெல்லிசாவா? எதற்கு மெல்லிசா? அந்தச் சுவரே அதிரணும் எனக்கு. அதைச் சொல்லாமல், இரைச்சல் இல்லாத பிக்கப் வகை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டச் சொன்னேன். இல்லை, நானே வாசிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

முதல் வகையில் ஒரு சுருளின் மேல் இன்னொரு சுருள். ஒன்று பிடிக்கும் இரைச்சலை மற்றது அழித்துவிடும். சுத்தமான அமைதி, ஆனால் கம்பியின் சத்தமும் ஈரத்துணி போர்த்தியது போல இருந்தது. இன்னொரு வகைக்கு மரத்தையே குடைய வேண்டுமாம். என் பாஸைக் குடைய விடமாட்டேன். மூன்றாவதில் சுருள் நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்திருந்தது, இரண்டு கம்பிக்கு ஒன்றாக. தடித்த கம்பியைத் தட்டினேன். கண்ணாடி அலமாரி நடுங்கியது.

"இது கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்குமே" என்றார் கடைக்காரர்.

"இதையே மாட்டுங்க."

மார்ச் 31, ஞாயிறு

மாட்டி வாங்கி வந்தாயிற்று. வீட்டில் வாசித்தேன். நான் கையை எடுத்தால் ஒன்றுமே இல்லை, வெறும் அமைதி. வைத்தால் முன்பைவிடத் தெளிவு, முன்பைவிடக் கனம்.

எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அவர் சொல்லி மாற்றியது எனக்கு எதற்குப் பிடிக்க வேண்டும்?

ஏப்ரல் 7, ஞாயிறு

மௌன ஜெபம். தலையைக் குனிந்தேன்.

ம்ம்ம்ம்.

முன்வரிசை முழுக்க என்னைப் பார்க்கிறது. போதகரும் ஒரு கண்ணைத் திறந்தார். நான் பாஸிலிருந்து வயரை உருவிக் கையில் தூக்கிப் பிடித்தேன். இரைச்சல் நிற்கவில்லை. எல்லாக் கண்களும் மெதுவாக நகர்ந்து சொங்மோவின் கிட்டாரில் போய் நின்றன. என் உறுமலுக்கு அடியில் இத்தனை நாள் அவருடையது ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

காது வரை சிவந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார். ஆமென்.

ஏப்ரல் 10, புதன்

"ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு போல" என்று சொங்மோ ஒத்திகையை ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான்.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இருக்கு, பிரதர்."

"பாட்டுக்குழுவுல பெருமை கூடாது, சிஸ்டர்."

பெருமையா? எனக்கா பெருமை? நான் கேட்டது பெருமைன்னா, கூடம் முழுக்கச் சிரிக்க வெச்சியே, அதுக்கு என்ன பேரு? — இதை அங்கே சொல்லவில்லை. பாஸைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

போகவில்லை. தேஷிக் நூடுல்ஸ் செய்தார். "அன்னிக்கு நானும் சிரிச்சேன்ல" என்றார் பாத்திரம் கழுவியபடி. "தப்புதான்."

ஏப்ரல் 17, புதன்

பல் சுத்தம் செய்ய வந்து உட்கார்ந்தது யார் என்று பார்த்தால் குக் மூப்பர். வாயைத் திறக்கச் சொன்னேன். கருவியை வைத்தேன். அப்புறம் எப்படி ஆரம்பித்தேன் என்றே தெரியவில்லை — திரை, உறுமல், சாப்பாட்டுக் கூடம், பரவாயில்லை என்றது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவரால் "ஆ" என்பதைத் தவிர எதுவும் சொல்ல முடியவில்லை. கீழ்வரிசைக்கு வந்தபோதும் நான் நிறுத்தவில்லை.

கொப்பளித்துத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட யாருமே சொல்லலையேம்மா."

"யாருங்கய்யா சொல்லுவாங்க?"

"ஜெபத்துக்கு எதுக்குத் திரை? அணைச்சுட்டாப் போச்சு." எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "ஈஸ்டருக்கு வந்துடு. கீபோர்டு பாஸ் கேக்கச் சகிக்கல."

ஏப்ரல் 21, ஈஸ்டர்

போனேன். மௌன ஜெபம் என்றதும் மூப்பரே எழுந்து போய்த் திரையை அணைத்தார். பின்வரிசையில் ஒரு குழந்தை கொட்டாவி விட்டது மேடை வரை கேட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் வர்ணம் பூசிய முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். சொங்மோ வந்து நின்றார். "திரை ஓடும்போது மெதுவான பாட்டுல எல்லாம் என் கிட்டார் இரையுது சிஸ்டர். அந்தக் கடை எங்க இருக்கு?"

நான் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றார். இன்னும் நின்றார்.

"அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். எங்கள் மேசைக்கு மட்டும் கேட்கிற குரலில்.

பாதி மன்னிப்பு. நான் தெருவின் பெயரை மட்டும் சொன்னேன்.

"அங்க நிறைய கடை இருக்குமே" என்றார்.

"தேடுங்க பிரதர்" என்று முட்டைக்கு உப்பைத் தொட்டுக்கொண்டேன்.