டத்தோ ஜெயித்த கார் பந்தயம்

புக்கிட் ரோத்தான்,
14.9.1985

அன்பு மகள் ரமணிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் இடது தோள் மட்டும் சுகமில்லை. லண்டனில் நீயும் உன் நர்ஸ் படிப்பும் சுகமாக இருக்க வேண்டும். தோளை நினைத்துப் பதறாதே, எலும்பு முறியவில்லை, சரித்திரத்தில் இடம் பிடிக்கப் போய்ச் சுளுக்கிக்கொண்டார். சரித்திரம் என்று நான் சொல்லவில்லை, உன் பாலகிருஷ்ணன் மாமாதான் ஒலிபெருக்கி வைத்துத் தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இந்த வட்டாரத்திலேயே முதல் ஸ்டோக் கார் பந்தயமாம். பழைய காரின் கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை வெல்டிங் வைத்து மூடி, சேற்றில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓட்டுவது. நம் ஊர் ரோட்டில் தினமும் அதைத்தானே செய்கிறார்கள் என்று கேட்டேன். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலையில் ஓய்வு பெற்றதிலிருந்து மாமாவுக்கு அதிகாரம் பண்ண ஆள் இல்லை, அதனால் பந்தயக் கமிட்டிக்குத் தலைவரானார், ரூல் எல்லாம் அவரே போட்டார், போட்டுவிட்டுத் தன் ஆஸ்டின் காரோடு போட்டியிலும் சேர்ந்துகொண்டார்.

மாமா மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நீ விமானம் ஏறிய நாளிலிருந்து மாமா நம் வீட்டுப் படி மிதிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். என் கூடப் பிறந்தவர், தீபாவளிக்குக்கூட வரவில்லை, கடைத்தெருவில் அப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆகவே அப்பா நம் மோரிஸ் மைனர் காரைப் பந்தயத்தில் சேர்த்ததும் எதற்கென்று ஊருக்கே புரிந்துவிட்டது. காலமெல்லாம் லோரி ஓட்டியவர் அல்லவா, ஜக்கரியா பாய் டீக்கடையில் உட்கார்ந்து, “லோரிக்காரனுக்கு முன்னால கிராணி கார் போயிருமா, பாத்துருவோம்லா” என்று சொல்லிவிட்டு வந்தார், டீ ஆறுவதற்குள் அது மாமா காதுக்குப் போய்விட்டது. நான் கோயிலுக்குப் போய் இரண்டு பேரும் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். யார் ஜெயித்தாலும் அதோடு எனக்கு அண்ணன் இல்லை என்றாகிவிடும் அல்லவா.

ரப்பர் மரங்களைத் தள்ளிப்போட்ட வெற்று நிலத்தில்தான் பந்தயம், முதல் நாள் பெய்த மழையில் எல்லாம் களிமண். கோப்பை கொடுக்க வரவேண்டிய டத்தோ, சுல்தானிடம் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், வரவேயில்லை, காத்துக் காத்துப் பார்த்து அவர் இல்லாமலே தொடங்கிவிட்டார்கள். பாதிக் கார்கள் புறப்பட்ட இடத்திலேயே புதைந்தன, ஜக்கரியா பாயின் காரில் இஞ்சின் மூடி பறந்து போய் வாழை மரத்தில் விழுந்தது. கடைசிச் சுற்றில் மாமாவும் அப்பாவும்தான் மிச்சம். அப்பா எவ்வளவு பின்னால் வருகிறார் என்று மாமா தலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார், ஆஸ்டின் சறுக்கி, பெரிய வாய்க்காலில் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது. அப்பாவுக்கு முன்னால் வெறும் பாதைதான், நேராகப் போயிருந்தால் கோப்பை அவருக்கு. அவரோ காரை நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குதித்து வாய்க்காலில் இறங்கிவிட்டார். தலைகீழாகத் தொங்கிய மாமாவின் நெற்றி வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது, கதவு வெல்டிங், ஜன்னலில் வயிறு மாட்டிக்கொண்டது. “மச்சான், வயித்தை எக்குங்க” என்று இவர் இழுக்கிறார், “நீ எறங்கக்கூடாது மாப்பிள்ளே, ரூல் இருக்கு” என்று அவர் உள்ளேயிருந்து கத்துகிறார். புருஷன் கிடந்த கிடப்பைப் பார்த்து உன் திலகம் அத்தை போட்ட சத்தம் பக்கத்து ஊர் ஈஜோக் வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் மாமா வெளியே வந்தார், அப்பாவின் தோள் பிசகியது.

அந்த நேரம் பார்த்து டத்தோ வந்தார். வழி தெரியாத டிரைவர் அவருடைய கறுப்புக் காரை நேரே பந்தயப் பாதையில் விட்டு, முடிவுக் கோட்டைத் தாண்டி மேடைக்கு வந்து நிறுத்தினான். முதலில் வரும் காருக்குக் கொடியை ஆட்டு என்று கோட்டருகே நிறுத்தியிருந்த பையன் வீரனிடம் சொல்லியிருந்தார்கள், அவனும் ஆட்டினான். ஜனம் கை தட்டியது, மாலை போட்டார்கள், டத்தோதான் முதல் என்று மைக்கிலும் சொல்லியாயிற்று. அதன்பிறகு அதை மாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? டத்தோ தன் கையாலேயே தனக்குக் கோப்பை கொடுத்துக்கொண்டு, இளைஞர்கள் எதற்கும் உழைத்துத்தான் முன்னுக்கு வர வேண்டும் என்று பேசினார். மாமா தலையில் துண்டோடு எழுந்து, காரை விட்டு இறங்கியவருக்குப் பரிசு இல்லை என்று ரூல் சொல்கிறது என்றார். அத்தை மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். “அந்த மனுசன் எறங்கலேன்னா நான் இன்னிக்குத் தாலி அறுத்திருப்பேன், அதுக்கு என்னா ரூல் வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். கமிட்டி கூடிப் பேசியது. முதல் பரிசு டத்தோ, இரண்டாவது யாருக்கும் இல்லை, மூன்றாவது உன் அப்பா. இதுதான் சரித்திரத்தின் முடிவு.

மறுநாள் சாயந்திரம் வாசலில் மாமா நிற்கிறார். மாப்பிள்ளை தப்பாக நினைத்துக்கொள்ளக்கூடாது, ரூலை விளக்கிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். விளக்கிக்கொண்டே தோசை சாப்பிட்டார், சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டார். போகும்போது செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, “அங்க குளிரு ரொம்பவாமே, புள்ள நல்லா சாப்பிடுதா?” என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். இப்போது தினமும் சாயந்திரம் வருகிறார், ரூல் இன்னும் விளக்கி முடியவில்லை. அப்பாவும் புரியாத மாதிரியே கேட்டுக்கொண்டிருக்கிறார். மகனுக்கு ரவாங் பக்கம் பெண் பார்க்கிறார்களாம், நீ நிம்மதியாகப் படி.

குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, டூட்டி முடிந்து வந்தால் ரொட்டியை மட்டும் கடித்துக்கொண்டு படுக்காதே. அம்மன் உன் பக்கத்திலேயே இருப்பாள், நீ கை வைத்த நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும். மறக்காமல் மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அந்த ரூல் என்னவென்று நீயும் கேட்டு எழுது, சந்தோஷப்படுவார்.

என்றும் உன் நினைவோடு
அம்மா லீலாவதி