துண்டுப்பிரசுரத்தில் நாலாவது படம்

லா சப்பல்,
பாரிஸ்.
20.10.2024

மதிப்புக்குரிய தவரத்தினம் அண்ணைக்கு,

சேந்தனின் மனைவி அஜந்தா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் மகள் சாம்பவியும் இங்கே சுகம். நீங்களும் சுகமாயிருந்து தேர்தல் அலுவல்களைப் பார்க்கப் பிள்ளையார் துணை.

நான் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்குப் போன கிழமை உங்கள் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். உங்களுக்கு வோட்டுப் போடச் சொல்லி, ஊரிலுள்ள சொந்தங்களுக்குப் போன் எடுக்கும்படி கேட்டார். இது உங்களுக்கு மூன்றாவது கட்சி. அதில் எனக்குக் கோபமில்லை. தளபதியாக இருந்தவர் வீட்டிலும் உலை கொதிக்கத்தானே வேண்டும்.

ஆனால் அவர் தந்த துண்டுப்பிரசுரத்தில், 'களத்தில் என்னருகே வீழ்ந்த தோழர்கள்' என்று ஏழு படங்கள் போட்டிருக்கிறீர்கள். நாலாவது, சேந்தன். நீங்கள் வந்து தாலி எடுத்துத் தந்த எங்கள் கலியாணத்தில் எடுத்த படம். என்னை வெட்டிவிட்டிருக்கிறீர்கள். என் தோள் கொஞ்சம் தெரிகிறது.

அவர் எந்தக் களத்தில் வீழ்ந்தார், அண்ணை? சண்டை முடிந்த அன்று வட்டுவாகலில் ஆமியிடம் சரணடைந்து நீங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறியதை, வயிற்றில் பிள்ளையோடு நின்று நான் பார்த்தேன். "யோசியாதை தங்கச்சி, நானும் கூடத்தானே போறன்" என்று சொன்னது நீங்கள். இரண்டு வருடத்தில் நீங்கள் தடுப்புமுகாமிலிருந்து வெளியே வந்தீர்கள். நான் போன் எடுத்த போதெல்லாம், வழியில் அவரை வேறு பஸ்ஸுக்கு மாற்றினார்கள், பிறகு ஒன்றும் தெரியாது என்றீர்கள். அதை நம்பித்தான் பதினைந்து வருடமாகப் பொட்டு வைக்கிறேன்.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். சாம்பவி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் அப்பா செத்துவிட்டாரா என்று பிரெஞ்சில் கேட்டாள். கோயில் ஐயரிடம் போய்த் திவசம் செய்யலாமா என்று கேட்டேன். இறந்த திதி வேண்டும் என்றார். திதிக்கு நான் எங்கே போவேன்?

தெரிந்துதான் போட்டீர்கள் என்றால், அவர் இறந்த நாளை மட்டும் எழுதி அனுப்புங்கள். எங்கே, எப்படி என்று கேட்க மாட்டேன். யாருக்கும் சொல்லவும் மாட்டேன். தெரியாமல், படம் எடுப்பாயிருக்கிறது என்று போட்டிருந்தால், ஒரு மேடையில் ஏறி, அவன் என்னோடு பஸ்ஸில் வந்தவன் என்று ஒரே ஒரு தரம் சொல்லுங்கள். அதனால் வோட்டுக் குறைந்தால் என்னைத் திட்டுங்கள்.

மாமி தில்லைநாயகி இன்றைக்கும் கிளிநொச்சியில், காணாமற்போனவர்களின் உறவுகள் இருக்கும் கொட்டகையில் சேந்தனின் படத்தோடு இருக்கிறார். வோட்டுக் கேட்டு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். உங்களைக் கண்டால், பின்னால் மகனும் வருகிறானா என்றுதான் பார்ப்பார்.

மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்து ஊருக்குப் போகும் அம்புறோஸ் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் கையிலேயே தருவார்.

நீங்கள் வென்றாலும் தோற்றாலும், நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும் அண்ணை. அவரைக் கடைசியாகக் கண்ட கண் உங்களுடையதுதான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
அஜந்தா