மூவருக்கு ஒரு பூசை

என்னங்க,

ராஜகீழ்ப்பாக்கத்தில் உங்கள் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டால் இது தீர்ந்துவிடாது.

ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருக்கும் நம் மூன்று கருக்களுக்காக சர்ச்சில் பூசை கேட்டிருந்தீர்களாமே! இன்று காலை யார் யாருக்காகப் பூசை என்று வாசிக்கும்போது, உபதேசியார் அதை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்துவிட்டார். கேட்டால், "மூணு பிள்ளைங்களுக்காகன்னு சொன்னாரும்மா. உயிரோட இருக்காங்களான்னு கேட்டேன், பதிலே சொல்லலை" என்கிறார். பூசை முடிந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் என்னவென்று சொல்வேன்?

சோதனைக் குழாய்க் குழந்தையே தப்பு என்று பங்குச் சாமியார் சொன்னபோது உங்களுக்குக் காது கேட்கவில்லை. இப்போது மிச்சத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்றால், "அது உயிர்டி" என்று குதிக்கிறீர்கள். சரி, என் வயிற்றில் வைக்கட்டும் என்றால், "இருக்கிற பொண்ணு போதும்" என்கிறீர்கள். ஐஸிலேயே வைத்து வளர்த்துவிடலாம் என்று நினைப்பா?

ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து உபதேசியாருக்குப் பதில் சொல்லுங்கள். உயிரோடு இருக்கிறார்கள் என்றால் நான் சுமக்கிறேன். இல்லையென்றால், ஆராய்ச்சிக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிள்ளைக்கோ, நான்கு பிள்ளைகளுக்கோ தாயான
உங்கள் மனைவி