காற்றில் எடுத்த மூன்று டேக்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

நேற்று இங்கே கிள்ளான் என்ற ஊரில் ஒரு செய்தி வீடியோவுக்கு ஒலிப்பதிவு செய்தேன். தனலெட்சுமி என்று ஓர் அக்கா; அவர் கணவர் அங்கே ஒரு கிடங்கில் லோரிச் சக்கரம் ஏறி இறந்தவர். கம்பெனி இழப்பீடு தரவில்லை. அக்கா கிடங்கு வாசலில் நின்று அழுதுகொண்டே அதைச் சொன்னார். மைக்கில் காற்றின் இரைச்சல்தான் பதிந்திருந்தது.

"பேச்சே கேக்கல லா, திரும்ப எடு" என்றார் பாஸ்.

விமானத்தில் குளிரும் என்று நீ வாங்கித் தந்த குரங்குக் குல்லாயை வெட்டி மைக்குக்கு மாட்டினேன். காற்று அடங்கியது. ஆனால் மைக் கம்பில் என் விரல் உரசும் சத்தம் விழுந்துவிட்டது. கம்பை ஸ்டாண்டில் கட்டினேன்.

"தம்பி, லோரி ரிவர்ஸ் வந்ததுல இருந்து சொன்னா போதுமா?" என்று அக்காவே கேட்டார்.

மூன்றாம் முறை அவர் அழவில்லை. பதிவு சுத்தமாக வந்தது. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நான் தங்கியிருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பி வாழையிலைச் சோறு சாப்பிட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் உமா அக்கா ஊரிலிருந்து திரும்பும்போது அவரிடம் இரண்டு குல்லாய் கொடுத்துவிடு. இங்கே குளிரில்லை, பயப்படாதே. கம்பளி தடிமனாக இருக்கட்டும். அடுத்த வாரம் அதே கிடங்கு வாசலில், அங்கே இறந்த இன்னும் இரண்டு பேரின் மனைவிகள் பேசுகிறார்கள்.

ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன், ரயில் வந்துவிட்டது.

லோகேஷ்