தம்பியின் தொண்டை

ஜூலை 9

துணி துவைக்கும் இயந்திரத்தைத் திறந்தால் உள்ளே முழுக்க முழங்கால்வரை நீளும் காலுறைகள், பாதி சேறோடு. என் வெள்ளை மேசைவிரிப்பு இப்போது பாசி நிறம்.

தம்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. என் படிப்பறையில் அவன் படுக்கிறான். என் சாய்வு நாற்காலியில் அவனுடைய பந்துகள் படுக்கின்றன. நான் புள்ளியியல் நடத்தும் அதே கல்லூரியில், ஆண்கள் கால்பந்து அணிக்கு இனி அவன்தான் தலைமைப் பயிற்சியாளன். நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. வாங்கிக் கொடுக்கவில்லை. தடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

முதல்வர் இன்று கூப்பிட்டார். "அவர்கிட்ட சொன்னா தலையைத் தலையை ஆட்டுறார், மேடம். அதான் உங்ககிட்டயும் சொல்லி வைக்கிறேன். ரெண்டே விஷயம். லீக்ல கடைசி இடம் வரக்கூடாது. ரெஃப்ரிகிட்ட வாயைக் குடுக்கக்கூடாது. அவருக்கு ஒரு சிவப்பு அட்டை வந்தாலும் அன்னைக்கே வீட்டுக்கு."

வீட்டுக்கு என்றால் என் வீட்டுக்கு. அதை அவர் யோசிக்கவில்லை.

முந்தைய இரண்டு வேலைகளும் வாயால் போனவைதான். ஒரு நடுவருக்குக் கண்ணாடிக் கடையின் முகவரி கொடுத்தான். இன்னொரு இடத்தில் கிளப் தலைவரையே கொடிக்கம்பம் என்றான். நாற்பத்து நான்கு வயது. இதுவும் போனால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். அவனுக்கு வேறு வேலையும் தெரியாது.

ஜூலை 23

என் குரல் என் வகுப்பின் கடைசி வரிசைக்குக் கேட்காது. இது ஊரறிந்த விஷயம். தம்பியின் குரலோ மைதானத்திலிருந்து மூன்றாம் மாடி ஏறி, அதே கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்கிறது. இன்று திட்டவிலக்கத்துக்கு வரையறை சொல்லி எழுதச் சொன்னேன். ஒருவன் எழுதியிருந்தது: "சராசரியிலிருந்து ஒவ்வொரு மதிப்பும் பின்னாடி போடா எருமை."

ஆகஸ்ட் 6

முதல் போட்டி. ஐந்துக்குப் பூஜ்யம். பூஜ்யம் எங்களுடையது.

போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் போனதாக ஆகாது அல்லவா?

கோல்கீப்பரை எல்லோரும் 'கதவு' என்கிறார்கள். ஏன் என்று கேப்டனைக் கேட்டேன். "எப்பவும் தொறந்தே இருப்பான், மேடம்." முன்னால் ஆடுகிறவன் 'சோப்பு'. அவனுக்குக் காரணம் கேட்கத் தேவைப்படவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வழுக்கி விழுந்தான்.

ஆகஸ்ட் 13

இரண்டாவது தோல்வி. அதோடு தம்பியின் குரலும் போய்விட்டது. காலையில் "அக்கா" என்று வாயைத் திறந்தான். துருப்பிடித்த கேட்டைத் தள்ளின சத்தம் வந்தது.

தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். "தொழில் என்ன?" கோச் என்றேன். "ரயில் கோச்சா? அந்த அளவுக்குத் தேஞ்சிருக்கு." குரல்நாண்களில் காய்ப்பு. ஆறு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுப்பும் கூடாது, மீறினால் அறுவை சிகிச்சை.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"நிஜமாவே வாயை மூடிட்டானா?"

"ஆமாம்மா."

"எந்த டாக்டர்டி அது? நாப்பது வருஷமா தேடிட்டிருந்தேன்."

ஆகஸ்ட் 16

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று முறை சொன்னேன்.

சைகையால் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறான். 'பின்னால் வா' என்று கை காட்டினால் கதவு டாட்டா காட்டுகிறானாம். அவன் சைகை முழுதாகப் புரிகிற ஒரே ஆள் நான்தான். அதனால் அவன் பக்கத்தில் நின்று, அவன் காட்டுவதை நான் வாயால் சொல்ல வேண்டுமாம். சின்ன வயதில் அப்பா சாப்பாட்டு மேசையில் பேச விடமாட்டார். நாங்கள் இருவரும் புருவத்தாலேயே சண்டை போட்டு வளர்ந்தவர்கள். அதற்காக? நான் ஒரு பேராசிரியர். ஐம்பதை நெருங்குகிறவள். கோட்டோரத்தில் நின்று கத்துவதா?

தம்பி கைப்பேசியில் தட்டி நீட்டினான்: "இது போனா உன்கூடவே இருந்துடறேன்க்கா. நிரந்தரமா."

மாலையில் துணைப் பயிற்சியாளராகப் பதிவு செய்துகொண்டேன்.

ஆகஸ்ட் 27

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

தம்பி இடது கையை வீசி, சோப்பைக் காட்டி, காதோரம் விரலைச் சுழற்றினான். பொருள்: 'இடப்பக்கம் ஓடச் சொல்லு அந்தப் பைத்தியத்தை.' நான் வாயருகே கைகளைக் குவித்துக்கொண்டு, முடிந்த மட்டும் உரக்க, "சோப்பு, தயவுசெய்து இடது பக்கம் கொஞ்சம் நகருங்க!" என்றேன்.

மைதானமே திரும்பிப் பார்த்தது. எதிரணியின் பின்காப்பாளன் ஒருவன் சிரிப்பு தாங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்த இடம் வழியாகத்தான் சோப்பு ஓடினான். கோல்.

அதன் பிறகு, "கதவு, நீங்க கொஞ்சம் வெளிய வந்தா நல்லா இருக்கும்" என்றேன். வந்தான். பந்தும் அவன் கைக்கு வந்தது. ஒன்றுக்கு ஒன்று, சமன். லீக்கில் எங்கள் முதல் புள்ளி.

செப்டம்பர் 3

எனக்குத் தொண்டை வலி. இது நியாயமே இல்லை.

செப்டம்பர் 10

இன்று ஒரு குளவியால் ஜெயித்தோம்.

கடைசி பத்து நிமிடம் இருக்கும். தம்பி திடீரென்று இரண்டு கைகளையும் காற்றில் வீசினான், கழுத்தில் ஓங்கி அறைந்துகொண்டான், தன்னையே ஒரு சுற்று சுற்றிக் குனிந்தான். இப்படி ஒரு சைகை எங்களுக்குள் கிடையாது. ஆனால் பதினொரு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கை வீச்சை 'விட்டுவிடு' என்றும் குனிந்ததை 'ஓடு' என்றும் படித்தேன். "பந்தை விட்டுட்டு எல்லாரும் முன்னாடி ஓடுங்க, தயவுசெய்து!"

விட்டுவிட்டு ஓடினார்கள். எதிரணி இதில் ஏதோ பெரிய சூழ்ச்சி இருக்கிறது என்று பயந்து அவர்களோடு ஓடியது. நடு மைதானத்தில் பந்து தனியாகக் கிடந்தது. ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த கேப்டன் நிமிர்ந்து பார்த்தான், பக்கத்தில் பந்து, சுற்றிலும் யாருமில்லை. அங்கிருந்தே அடித்தான். எதிரணி கோல்கீப்பர் ஓடிவரும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், பந்தைப் பார்க்கவில்லை. கோல்.

தம்பி கழுத்து வீங்கிய நிலையில் என்னைப் பார்த்தான். கைப்பேசியில் தட்டினான்: "அக்கா. அது குளவி."

செப்டம்பர் 11

பையன்கள் 'குளவி'யை நிரந்தர ஆட்ட முறையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். ஒரே ஒரு நிகழ்வை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று விளக்கினேன்.

கேப்டன் யோசித்தான். "அப்ப இன்னொரு தடவை பண்ணிப் பாக்கலாமா, மேடம்?"

என் துறையில் இதற்குப் பெயர் மறுசோதனை. சம்மதித்தேன்.

செப்டம்பர் 17

இன்னொரு தடவை பண்ணிப் பார்த்தோம். மூன்று கோல் வாங்கினோம். என் துறையின் மானம் பிழைத்தது. எங்கள் புள்ளிகள் பிழைக்கவில்லை. பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம்.

ஆனால் ஒன்று. திரும்பி வரும் பேருந்தில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. போன மாதம் தோற்றபோது மைதானத்தில் மூலைக்கு ஒருவனாகத் தலையைத் தொங்கப்போட்டிருந்தார்கள். இன்று சோப்பு எழுந்து நின்று குளவி மாதிரி ஆடிக் காட்டினான். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. "மேடம் சிரிக்கிறாங்கடா!" என்று ஒருவன் கத்தினான். உடனே நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 1

காலையில் அடுப்பில் பால் பொங்கியது. சமையலறையிலிருந்து மூன்று வார்த்தைகள் கேட்டன. மூன்றும் இங்கே எழுதத்தக்கவை அல்ல. மூன்றும் மணி போல ஒலித்தன.

போய் நின்றேன். தம்பி கரித்துணியோடு உறைந்து நின்றான்.

"எத்தனை நாளாடா?"

"ரெண்டு வாரமா லேசா. டாக்டர்கிட்ட காட்டிட்டேன், பேசலாமாம்."

"அப்புறம் நான் எதுக்குடா மழையில நின்னு கத்துறேன்?"

திட்டத்தான் நினைத்தேன். ஆனால் அவன் அடுப்பையே துடைத்துக்கொண்டு, நிமிராமல் சொன்னான்: "நான் பேசினா பசங்க காதுல வசவு மட்டும்தான்க்கா விழுது. நீ சொன்னா என்ன பண்ணணும்னு விழுது." பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில்: "எனக்கே என் வாய் மேல நம்பிக்கை இல்ல. கடைசி மேட்ச் முடியற வரைக்கும் மூடியே இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாத."

அடுப்பைச் சுத்தமாகத்தான் துடைத்திருந்தான்.

அக்டோபர் 8

தோல்வி. இப்போது நாங்கள்தான் கடைசி. அடுத்த வாரம் கடைசிப் போட்டி. நமக்கு ஒரு படி மேலே இருக்கிறவர்களோடு. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். சமன் செய்தால் இருவருக்கும் புள்ளி கூடும், நாம் கடைசியிலேயே இருப்போம். அதாவது ஜெயித்தாக வேண்டும்.

'நாம்' என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும், அடிக்கவில்லை.

அக்டோபர் 15

ஒழுங்காக எழுத வேண்டும்.

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கிவிட்டோம். தம்பி கையை உயர்த்துவான், நான் வாயைத் திறப்பதற்குள் எதிரணி அந்தப் பக்கம் போய் நிற்கும். அவர்களுடைய கோச், தொப்பிக்காரர் ஒருவர், பக்கத்திலேயே ஓர் ஆளை நிறுத்தியிருந்தார். அந்த ஆள் பந்தைப் பார்க்கவேயில்லை. என் தம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய போட்டிகளைப் படம்பிடித்துச் சைகைகளைப் பாடம் பண்ணியிருக்கிறார்கள்.

இடைவேளையில் தம்பியைக் கழிப்பறைப் பக்கம் இழுத்துப் போனேன்.

"நீ சும்மா கையைக் காலை ஆட்டிக்கிட்டு இரு. எதை வேணா பண்ணு."

"அப்ப யாரு சொல்றது?"

"நான் பாத்து சொல்றேன்."

"உனக்கு ஆட்டம் தெரியுமாக்கா?"

"தெரியாது. எங்க ஆள் இல்லைன்னு தெரியும். அங்க போகச் சொல்றேன்."

தலையாட்டினான்.

இரண்டாம் பாதியில் தம்பி மீன் பிடித்தான். ஏணி ஏறினான். இல்லாத குழந்தையைத் தூங்க வைத்தான். தொப்பிக்காரரின் ஆள் தலையைப் பிய்த்துக்கொண்டு ஏதேதோ கத்த, எதிரணி அங்குமிங்கும் அலைந்தது. நான் வெற்றிடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். "கேப்டன், உங்க வலது பக்கம் காலியா இருக்கு, பாருங்க!" பார்த்தான். கோல். இருபது நிமிடம் கழித்து சோப்பு வழுக்கி விழுந்தான். விழுந்த வேகத்தில் முழங்காலில் பட்டு இன்னொன்று. இரண்டுக்கு ஒன்று.

கடைசி நிமிடம். அவர்கள் ஆள் எங்கள் கோல் அருகே தன் காலிலேயே தடுக்கி விழுந்தான். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. நடுவர் விசில் அடித்து விரலை நீட்டினார். பெனால்டி.

எனக்குப் பக்கத்தில் தம்பி மூச்சை இழுத்தான். அந்த மூச்சு எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதும் தெரியும். நெஞ்சு விரிந்துவிட்டது. வாய் திறந்துவிட்டது. ஒரு சிவப்பு அட்டை, அன்னைக்கே வீட்டுக்கு.

நான் முந்திக்கொண்டேன்.

"யோவ் ரெஃப்ரி! மூஞ்சில இருக்கறது கண்ணா, சட்டைப் பொத்தானா?"

இவ்வளவு பெரிய குரல் எனக்குள் எங்கே இருந்தது? எதிர்ப்பக்க மரத்திலிருந்து பறவைகள் எழும்பின. நடுவர் அசையாமல் நின்றார். எல்லோரும் நின்றார்கள். பழக்கதோஷத்தில், "தயவுசெய்து சொல்லுங்க" என்று சேர்த்தேன்.

சிவப்பு அட்டையை அவ்வளவு அருகில் பார்த்தது இதுவே முதல்முறை. ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது.

மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதியாம். மதிலுக்கு அந்தப் பக்கம், எங்கள் பேருந்தின் அருகில் போய் நின்றேன். எதுவும் தெரியவில்லை. சத்தம் அடங்கியது. விசில். பிறகு ஒரு 'தொம்'. அப்புறம் மதிலைத் தாண்டி, வானத்திலிருந்து, ஒரு பந்து வந்து விழுந்து, குதித்து, பேருந்துக்கு அடியில் உருண்டு போனது.

பெனால்டி அடிக்க வந்த பையன் என் கேள்விக்கு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தானாம். ஜெயித்துவிட்டோம், நாம் கடைசி இல்லை.

நான் குனிந்து, மண்டியிட்டு, பந்தை எடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு நின்றது யார் கண்ணிலும் படவில்லை என்று நம்புகிறேன்.

தம்பி பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். காதோரம் குனிந்து சொன்னான்: "அது என் வசனம்க்கா."

"உன் வசனம்தான். அதுல வர்ற கெட்ட வார்த்தை ரெண்டை மட்டும் விட்டுட்டேன்."

அக்டோபர் 17

முதல்வர் அறை. மேசைமேல் நடுவரின் புகார். அவர் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"இந்தப் பொத்தான் விஷயம் நீங்களா சொன்னீங்க, மேடம்? நீங்களேவா?"

"ஆமா சார்."

"அவருக்குத்தான் வாயை மூடச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லணும்னு எனக்கு எப்படித் தோணும்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. கோபத்தால் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தம்பிக்கு வேலை இன்னும் இரண்டு ஆண்டுக்கு நீட்டிப்பு.

அக்டோபர் 30

தம்பி கல்லூரிக்குப் பின்னால் ஒரு அறை பார்த்துவிட்டான். பந்துகளும் போய்விட்டன. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். வீடு அமைதியாக இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே.

லீக் ஒழுங்குக் குழுவின் முடிவு வந்திருக்கிறது. அடுத்த பருவத்தின் முதல் இரண்டு போட்டிகளுக்கு எனக்குத் தடை. மூன்றாவது போட்டி வெளியூரில், ஆறு மணி நேரப் பயணம். பேருந்தில் முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் வைக்கச் சொல்லி இன்றே கேப்டனிடம் சொல்லிவிட்டேன். பின்னால் உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும்.